மூணுக்கு அப்புறம் நாலு

பெல்ட்டை ஒரு பல் நகர்த்தி வைத்துவிடு என்று முதலாளி சொன்னபோது பாலிஷ் சிரித்துவிட்டாள். காலையிலேயே இந்த மனுஷனுக்கு என்ன விளையாட்டு என்றுதான் நினைத்தாள். அவர் சிரிக்கவில்லை. வண்டி ரிப்பேர் ஷெட்டின் கதவுப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலை இன்னும் இறக்கினார்.

"ரெண்டு மணிக்குச் சம்பந்தி வர்றார். அவர் பாக்கும்போது பெல்ட் தப்பா இருக்கணும். அவ்வளவுதான்."

"சரியா இருக்கறத எதுக்கு முதலாளி தப்பா வெக்கணும்?"

"எதுக்குன்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். ஷெட்டில் எல்லாருக்கும் தெரியும். மூலையில் நிற்கிற வெள்ளைக் கார் சம்பந்தியுடையது. முந்தாநாள் முதலாளியின் மாப்பிள்ளை அதை எடுத்துக்கொண்டு பெரிய ரோட்டுக்குப் போனார். முன்னால் போன யாரோ ஒருவனை முந்தியே தீருவேன் என்று மிதித்தார். எஞ்சின் உயிரை விட்டது. கயிறு கட்டி இழுத்துத்தான் கொண்டுவந்தார்கள். வீட்டுக்குப் போனவர் அப்பாவிடம் சொன்னது வேறு கதை. "நாலு மாசம் முன்னாடி டைமிங் பெல்ட் மாத்தினாங்களே, அதத் தப்பா மாட்டியிருக்காங்கப்பா."

அந்தப் பெல்ட்டை மாட்டியது பாலிஷ்.

அவளுக்கு அந்தப் பேர் வந்ததே இந்த வேலையால்தான். ஷெட்டில் பதினாறு வருஷம். முதல் ஆறு வருஷம் மண்ணெண்ணெயில் பாகங்களைக் கழுவினாள். கை தோல் உரிந்து, சோறு பிசைந்தால் எரியும். அதற்குப் பிறகுதான் எஞ்சினில் கை வைக்க விட்டார்கள். வைத்த நாளிலிருந்து அவளுக்கு ஒரு பழக்கம். எந்த போல்ட்டை முறுக்கினாலும், அதன் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் மஞ்சள் நகப்பாலிஷால் ஒரு கோடு இழுப்பாள். போல்ட் இம்மி திரும்பினாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். மகள் பூசிப் பார்த்துவிட்டுத் தூக்கி எறிந்த மஞ்சள் அது. இவள் எஞ்சின் வேலை பார்க்கிறாளா, எஞ்சினைச் சிங்காரிக்கிறாளா என்று ஆண்கள் சிரித்தார்கள். பேர் நிலைத்துவிட்டது. அம்மா வைத்த பேர் வருகைப் பதிவேட்டில் மட்டும் கிடந்தது.

காலையில் அந்த வண்டியைத் திறந்ததும் அவள்தான். பெல்ட் மூடியில் இருந்த எட்டு போல்ட்டிலும் கோடு உடையாமல் இருந்தது. நாலு மாசமாக யாரும் தொடவில்லை. உள்ளே பெல்ட் புதுசு மாதிரி, ஒரு பல் கூடத் தேயவில்லை. எஞ்சினைக் கையால் சுற்றிப் பார்த்தாள். பெல்ட் சேர்த்துச் சுற்றுகிற கீழ்ச் சக்கரத்தில் ஒரு மஞ்சள் கோடு, மேல் சக்கரத்தில் ஒன்று. இரண்டும் ஒரே சமயத்தில் வந்து அதனதன் இடத்தில் நேராக நின்றன. பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாகச் சின்ன கேமராவை விட்டாள். நாலு பிஸ்டன் தலையிலும் பிறை பிறையாக வெட்டு. வால்வு வந்து இடித்த தழும்பு.

அப்போதே அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. முதலாளிக்கும் விளங்கியது. விளங்கியதால்தான் வந்து நிற்கிறார்.

"ஜாப் கார்டுல காரணத்த நானே எழுதிக்கறேன். நீ கையெழுத்து மட்டும் போடு. வேலையில கை வெக்க மாட்டேன், சம்பளத்துல கை வெக்க மாட்டேன். கொஞ்ச நாள் ஆயில் மாத்தற பக்கம் நில்லு. அப்புறம் பாத்துக்கலாம்."

ஆயில் மாற்றுகிற பக்கம். அதற்கு அடுத்த பக்கம் மண்ணெண்ணெய்த் தொட்டி.

"பெல்ட்டத் தப்பா போட்டவன்னு ஒரு தடவ எழுதிட்டா, அதுக்கு மேல எவன் எஞ்சினத் திறந்து என் முன்னாடி வெப்பான்?"

"என் பொண்ணு அந்த வீட்டுல இருக்காம்மா."

அதை அவர் அதட்டுகிற மாதிரி சொல்லவில்லை. கெஞ்சின மாதிரி சொன்னார். அதுதான் அவளைக் கொஞ்சம் அசைத்தது. கையைத் துடைத்துக்கொண்டாள்.

அவர் போனதும் புருஷனுக்கு போன் போட்டாள். அவன் கிடங்கில் மூட்டை இறக்குகிறவன். இரைச்சலுக்கு நடுவே முழுக்கக் கேட்டான்.

"பல்ல நகர்த்தச் சொன்னாரா? அவர் பல்லயா?"

"விளையாடாத. வேல போயிடும்போல இருக்கு."

"போனா போகட்டும்னு சொல்ல எனக்கும் வாய் வரல. ஆனா ஒண்ணு. கையெழுத்தப் போட்டுட்டு வீட்டுக்கு வந்து எங்கிட்ட மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காத. அத எத்தன வருஷம் பாக்கறது நான்?" என்று சொல்லிவிட்டு, யாரோ கத்தவும் வைத்துவிட்டான்.

மதியம் எல்லாரும் சாப்பிடப் போனார்கள். பாலிஷ் போகவில்லை. டிபன் டப்பாவை வெள்ளை வண்டியின் எஞ்சின் மேலேயே வைத்து, நின்றபடி சாப்பிட்டாள். இந்த நேரத்தில்தான் எவனாவது வருவான் என்று அவளுக்குத் தெரியும். வந்தான். டிங்கர். ஒடுக்கு விழுந்த தகட்டைத் தட்டி நிமிர்த்துகிறவனுக்கு எஞ்சின் பக்கம் வேலையே கிடையாது. கையில் பதினாலாம் நம்பர் ஸ்பேனர்.

"என்ன பாலிஷு, எஞ்சினுக்கு ஊட்டி விடறியா?"

"ஆமா. உனக்கும் ஒரு வாய் வேணுமா?"

"இல்ல... முதலாளி சும்மா பாத்துட்டு வரச் சொன்னார்."

"கண்ணால பாக்கறதுக்கு ஸ்பேனர் எதுக்கு?"

டிங்கர் ஸ்பேனரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எனக்கும் பிள்ள குட்டி இருக்கு பாலிஷு."

"எனக்கு மட்டும் கோழிக்குஞ்சா இருக்கு? தொட்டுப் பாரு. உன் பத்து விரல்லயும் மஞ்சக் கோடு இழுத்து, யார் அனுப்பினாங்கன்னு சம்பந்தி கிட்டயே சொல்றேன்."

அவன் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டான். போகும்போது அவன் முகத்தில் தப்பித்தோம் என்கிற களை இருந்ததை அவள் கவனித்தாள்.

சம்பந்தி ரெண்டுக்குச் சரியாக வந்தார். முப்பது வருஷம் லாரி ஓட்டி, பிறகு லாரி வாங்கின ஆள். சட்டை வெள்ளையாக இருந்தாலும் கை இன்னும் டிரைவர் கைதான். பின்னால் மாப்பிள்ளை, அதற்குப் பின்னால் முதலாளி.

"யார் பெல்ட் மாட்டினது?" என்றார் சம்பந்தி.

முதலாளி வாயைத் திறப்பதற்குள், "நான்தாங்க" என்றாள்.

"தப்பா மாட்டிட்டியாமே?"

"நீங்களே பாருங்க." எஞ்சினைச் சுற்றுகிற நீளக் கம்பியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "இதக் கீழ்ச் சக்கரத்துல மாட்டுங்க. மெதுவா சுத்துங்க. கம்பெனிக்காரன் குத்தின புள்ளி மேலதான் என் கோடு. ரெண்டும் ஒண்ணா வந்து நேரா நிக்கணும். ஒரு பல் தள்ளியிருந்தாலும் நிக்காது."

முதலாளி இருமினார். சம்பந்தி சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக் குனிந்தார். ஒரு சுற்று. இன்னொரு சுற்று. கோடுகள் வந்து நின்றன. அவர் நிமிரவில்லை, மறுபடியும் சுற்றினார். மறுபடியும் நின்றன.

"நேராத்தான் நிக்குது" என்றார்.

"நேத்தே இவங்க சரி பண்ணியிருப்பாங்கப்பா!" மாப்பிள்ளை முன்னால் வந்தார். "நான் எப்படி உடைச்சிருக்க முடியும்? வண்டி வாங்கினபடியே இருக்கு, ஒரு ஸ்குரு மாத்தல. லிமிட்டர் இருக்கு. எஞ்சின் ஆறாயிரத்து ஐந்நூறு சுத்துக்கு மேல போனா அதுவே கட் பண்ணிடும். எவ்வளவு மிதிச்சாலும் சுத்தாது."

"மிதிச்சா சுத்தாது, சரிதான் தம்பி" என்றாள் பாலிஷ். "கடைசியா எந்த கியர்ல இருந்தீங்க?"

"மூணு."

"எஞ்சின் சுத்து காட்டற முள்ளு?"

"ஆறாயிரம் இருக்கும்."

"வேகம்?"

மாப்பிள்ளை அப்பாவைப் பார்த்தார். "நூத்தி முப்பது."

"மூணுக்கு அப்புறம்?"

"நாலு."

"நாலுதான் போட நெனச்சீங்க. அவசரத்துல கை குறுக்க நழுவி ரெண்டுல விழுந்துருச்சு." அவள் பேச்சு மாப்பிள்ளையிடம் இருந்தது, கண் சம்பந்தியிடம். "இந்த வண்டி ரெண்டாம் கியர்ல ஆறாயிரத்து ஐந்நூறு சுத்தினா தொண்ணூத்தஞ்சு போகும். நூத்தி முப்பதுல போற சக்கரத்த ரெண்டுல கோத்துவிட்டா எஞ்சின் கிட்டத்தட்ட எட்டாயிரத்துத் தொள்ளாயிரம் சுத்தியாகணும். லிமிட்டர் பெட்ரோலத்தான் நிறுத்தும். சக்கரம் கழுத்தப் பிடிச்சு இழுக்கும்போது அது என்ன பண்ணும்? வால்வ மூடற ஸ்பிரிங் கம்பெனி போட்ட ஸ்பிரிங். ரேஸ் வண்டி ஸ்பிரிங் இல்ல. அவ்வளவு வேகத்துக்கு அதால ஈடு குடுக்க முடியாது. வால்வு மூடறதுக்குள்ள பிஸ்டன் மேல வந்து இடிச்சிடுச்சு. நாலுலயும் தழும்பு இருக்கு, கேமராவுல காட்டறேன்."

சம்பந்தி கேமராவைக் கேட்கவில்லை. கம்பியைக் கீழே வைத்தார்.

"உள்ள உக்காரு" என்றார் மகனிடம்.

"எதுக்குப்பா?"

"மூணு போட்டு, அன்னைக்குப் போட்ட மாதிரியே நாலு போட்டுக் காட்டு."

மாப்பிள்ளை கதவு வரைக்கும் போனார். கியர் தண்டைப் பார்த்தார். உட்காரவில்லை. ஷெட்டில் எங்கேயோ காற்றடிக்கிற மெஷின் ஓடி நின்றது.

"தெரியாம நடந்துடுச்சுப்பா" என்றார் கடைசியில்.

சம்பந்தி மகனிடமிருந்து திரும்பினார். முதலாளியை மட்டும் ஒரு பார்வை பார்த்தார். "உங்களுக்கும் தெரியும், இல்ல?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் நடந்தார். மாப்பிள்ளை பின்னாலேயே ஓடினார்.

முதலாளிக்குக் காதெல்லாம் சிவந்திருந்தது. "என் பொண்ண ஒரு நிமிஷம் நெனச்சியா நீ?"

"நெனச்சேன். காலைலேருந்து நெனச்சேன். அதுக்கு நான் எதுக்கு முதலாளி மண்ணெண்ணெய்க்குத் திரும்பணும்? அவர் கை நழுவினதுக்கு என் கைய வெட்டணுமா?"

"நாளைலேருந்து வராத."

பாலிஷ் ஜாப் கார்டை எடுத்தாள். காரணம் என்று அச்சடித்திருந்த இடத்தில் கொட்டை எழுத்தில் எழுதினாள்: மூன்றாம் கியரிலிருந்து இரண்டாம் கியருக்கு மாற்றியதால் எஞ்சின் அளவுக்கு மேல் சுற்றியது. பெல்ட் சரி. கீழே கையெழுத்துப் போட்டாள், அம்மா வைத்த பேரில். பிறகு ஒரு வெள்ளைத் தாளைக் கிழித்து, பேனாவோடு சேர்த்து அவர் முன்னால் நீட்டினாள்.

"இதுல எழுதிக் குடுங்க. வராதன்னு எழுதி, என்ன காரணம்னும் எழுதி, கீழ நீங்க கையெழுத்துப் போடுங்க."

அவர் தாளை வாங்கினார். பேனாவின் மூடியைத் திறந்தார். தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். தூரத்தில் டிங்கர் தகட்டைத் தட்டுவதை நிறுத்திவிட்டுத் தலையை நீட்டினான்.

"அவசரமில்ல" என்றாள் பாலிஷ். "யோசிச்சு எழுதுங்க. நாளைக்கு எட்டு மணிக்கு வர்றேன். தாள் ரெடியா இருந்தா வாங்கிட்டுப் போறேன். இல்லன்னா இந்த வண்டி எஞ்சின் ஹெட்ட இறக்கி வால்வ மாத்தணும். அதுக்கு டிங்கரோட தகரத்தையெல்லாம் கொஞ்சம் ஒதுக்கி வெக்கச் சொல்லுங்க."

கழற்றி வைத்திருந்த மூடியை எடுத்துப் பழையபடி பொருத்தினாள். எட்டு போல்ட்டையும் ஒவ்வொன்றாக முறுக்கினாள். சட்டைப் பையிலிருந்து சின்ன சீசாவை எடுத்துக் குலுக்கி, அவர் பார்க்கப் பார்க்க, எட்டிலும் கோடு இழுத்தாள். காய்கிற வரைக்கும் அங்கேயே நின்றாள்.