சத்தமில்லாத லேப்டாப்

அவருக்கு அலுவலகத்தில் வைத்த பட்டப்பெயர் பாம்புக்காது. லேப்டாப், செல்போன் எது புதிதாக வந்தாலும் வாங்கிப் பயன்படுத்திப் பார்த்து, நல்லது கெட்டது எழுதுகிற ஒரு பத்திரிகையில் இருபத்திரண்டு வருஷமாக வேலை. ஃபேன் இரைகிறதா, ஸ்பீக்கர் கரகரக்கிறதா என்று மற்றவர்கள் கருவி வைத்து அளப்பதற்குள், இவர் தலையை ஒரு பக்கம் சாய்த்துச் சொல்லிவிடுவார். சரியாகவும் இருக்கும்.

அந்தக் காதுதான் கண்ணுகளா, போய்விட்டது.

முழுச் செவிடு இல்லை. பேசினால் கேட்கும், கதவைத் தட்டினால் கேட்கும். மெல்லிசாக, கூர்மையாக வருகிற சத்தம் மட்டும் கேட்காது. மருத்துவமனையில் ஒரு சின்ன அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். கடைசி ஐந்து நிமிஷம் இவர் அமுக்கவே இல்லை. சோதனை முடிந்துவிட்டது, வந்து கழற்ற மறந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சோதனை செய்கிற பெண் ஒவ்வொரு சத்தமாக அனுப்பிக்கொண்டேதான் இருந்தாள்.

அலுவலகத்தில் சொல்லவில்லை. காது போன பாம்புக்காதுக்கு அங்கே என்ன வேலை? மனைவியிடமும் சொல்லவில்லை. அவள் வீட்டிலேயே மெஷின் போட்டுத் தைக்கிறவள். அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று இவர் இருந்தார். அவளுக்கு இரண்டு வருஷமாகவே தெரியும். துணி துவைக்கிற மெஷின் வேலையை முடித்துவிட்டுப் பீப் பீப்பென்று அழைத்துக்கொண்டே இருக்கும், இவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படிப்பார். ஜன்னலுக்கு வலை அடித்ததிலிருந்து வீட்டில் ஒரு கொசு கிடையாது பார் என்று முழங்கையைச் சொறிந்துகொண்டே பெருமைப்படுவார். ஆமாங்க என்பாள்.

இந்த நிலைமையில் ஒரு கேமிங் லேப்டாப் வந்தது. ரொம்ப விலையும் இல்லை, மலிவும் இல்லை, நடுவாந்தரம். வீட்டில் ஆடுகிற சாமானை வீட்டில் வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்பது பத்திரிகை ஆசிரியர் அம்மாவின் வழக்கம். நாலு நாள் கொடுத்தனுப்பினார்.

அவர் அதை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். மூடியை ஒரு விரலால் தூக்கினால் அடிப்பாகமும் கூடவே எழுந்து வந்தது, இன்னொரு கையால் அமுக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. கீபோர்டு நடுவில் கொஞ்சம் பள்ளம் விழுந்தது. ஆனால் விரலுக்கு அவ்வளவு இதம். சார்ஜர் செங்கல் கனம். சூட்டுக்காற்று வலப்பக்கம் வந்து, மவுஸ் பிடித்த கையை அரை மணி நேரத்தில் வியர்க்க வைத்தது. ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் திரையில் விளையாட்டைவிடத் தன் முகம்தான் நன்றாகத் தெரிந்தது. எல்லாவற்றையும் நோட்டில் எழுதினார். கையிலும் கண்ணிலும் அவருக்கு ஒரு குறையும் இல்லை. ‘சத்தம்’ என்று எழுதிய பக்கம் மட்டும் காலியாகக் கிடந்தது. கருவி ஏதோ ஒரு எண் சொன்னது, பரவாயில்லை என்கிற எண். ஆனால் கருவி எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டித்தான் அளக்கும். ஊசி மாதிரி தனியாக வருவதைப் பிரித்துச் சொல்லக் காதுதான் வேண்டும்.

ஊசி மாதிரி ஒன்று வந்துகொண்டுதான் இருந்தது. கேம் தொடங்கியதும் ஆரம்பிக்கும், நிறுத்தினால்தான் நிற்கும். இரண்டாம் நாளே மனைவிக்குப் புருவத்துக்கு மேலே வலி. வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று சொல்லித் தையல் மெஷினைச் சமையலறைக்கு நகர்த்திக்கொண்டாள்.

நாலாம் நாள் மத்தியானம் அவர் கூப்பிட்டார்.

“இந்தா, ஒரு நிமிஷம் வா. இதுல ஏதாவது சத்தம் கேக்குதா, சொல்லு.”

இருபத்திரண்டு வருஷத்தில் அவர் இப்படி அவளைக் கேட்டதே இல்லை. அவள் லேப்டாப்பைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்தாள். பரீட்சை முடிவுக்கு நிற்கிற பிள்ளை மாதிரி இருந்தது. ஆமாம் என்று சொன்னால் உன் காது போய்விட்டது என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி ஆகிவிடுமே என்று பயந்துவிட்டாள்.

“ஃபேன் ஓடுதுங்க. வேற ஒண்ணும் இல்ல.”

“நல்லாக் கேளு. மெல்லிசா, கூர்மையா?”

“இல்லவே இல்லங்க.”

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. காலியாக இருந்த பக்கத்தில் எழுதினார்: பக்கத்தில் குழந்தை தூங்கினாலும் தாராளமாக விளையாடலாம்.

பத்திரிகை வந்த வாரமே பதினோரு கடிதங்கள். ஒருவர், இந்த லேப்டாப்பால் தன் மனைவி தன்னை மொட்டை மாடிக்கு விரட்டிவிட்டதாக எழுதியிருந்தார். இன்னொருவர், எழுதினவர் காதை மூக்குக்கண்ணாடி மாட்ட மட்டும் வைத்திருக்கிறார் போல என்று எழுதியிருந்தார்.

ஆசிரியர் அம்மா எல்லாரையும் கூப்பிட்டு, மேஜையில் லேப்டாப்பை வைத்துக் கேமைப் போட்டார். அத்தனை முகமும் சுளித்தது. இவர் மட்டும் பழக்க தோஷத்தில் தலையைச் சாய்த்தபடி நின்றார். ஆசிரியர் அம்மா நல்ல மனுஷி, மூடியை மெல்ல மூடினார். எல்லாரும் போன பிறகு, அடுத்த மாதத்திலிருந்து லேப்டாப் பை, நாற்காலி, மேஜை இதையெல்லாம் பாருங்கள் என்றார். அது இவருக்குத் தெளிவாகக் கேட்டது. மனைவியைக் கேட்டுத்தான் எழுதினேன் என்று ஒரு வார்த்தை வாயில் வரவில்லை.

மூன்று மணிக்கே வீடு திரும்பியவரைப் பார்த்து அவள் மெஷினை நிறுத்தினாள். மருத்துவமனை அறையிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். அவள் மடியில் இருந்த துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

“எனக்குக் கேட்டுச்சுங்க. மொத நாள்லேர்ந்தே.”

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று கேட்டார்.

“கொசு காதுகிட்ட வந்து, போகாம அங்கயே நின்னா எப்படி இருக்கும்? அப்படி.”

அவர் தன் கையைப் பார்த்தார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை சிவப்புச் சிவப்பாகத் தடிப்புகள்.

“நம்ம வீட்ல கொசு இருக்கா?”

அவள் தலையாட்டினாள்.

“எத்தனை நாளா?”

“எப்பவும் இருக்குங்க.”

அவர் சட்டைக் கையை இறக்கி, மணிக்கட்டில் பொத்தான் போட்டுக்கொண்டார்.