லிபராடாவின் பங்கு

இந்தக் காலத்து ஜனங்களுக்குத் தட்டில் விழுந்ததைத் தின்று தீர்க்கத் துப்பில்லை, மிச்சத்தைத் தின்ன வீட்டுக்கு வீடு புழு வளர்க்கச் சொல்கிறார்கள். இப்படி ஏசிக்கொண்டிருந்த பொன்சியானோ கிழவரின் வீட்டில்தான், அவர் பெண்சாதி லிபராடா செத்த மறு மழைக்காலத்தில், மண்புழுக்கள் மீன்முள்ளை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தொட்டியின் வலது ஓரத்தில் விசிறி மாதிரி அடுக்கி வைக்கத் தொடங்கின. அந்த வாரம் இலோகோஸ் பக்கத்துச் சந்தைகளில் கத்தரிக்காய் விலை ஏறியிருந்தது. ஊரில் இரண்டையும் பற்றிப் பேசினார்கள், கத்தரிக்காயைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாக.

தொட்டியைக் கொண்டுவந்து இறக்கியவள் கிராம அலுவலகத்துக் கிறிசெல்டா. அடியில் துளை போட்ட பிளாஸ்டிக் தொட்டி. காய்ந்த வாழைமட்டையையும் கிழித்த செய்தித்தாளையும் பழைய எருமைச் சாணத்தையும் கலந்து, பிழிந்த துணியின் ஈரத்தில் பரப்பி, ஒரு பிடி புழுவை விட்டுச் சாக்கால் மூடினாள். எறும்பு ஏறாமலிருக்கத் தொட்டி நின்ற பலகையின் கால்களுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைத்தாள்.

"உப்பு, காடி, எலுமிச்சை, மீனு எதுவும் போட்டுராதீங்க தாத்தா. செத்துரும்."

"அப்புறம் இந்த ஊர்ல அது எதைத்தான் திங்கும்?"

"காய்த்தோலு போடுங்க. பெருகினதும் பாதியை அடுத்த வீட்டுக்குக் குடுக்கணும். அதான் ஏற்பாடு."

"குடுக்குற வேலையெல்லாம் நம்மகிட்ட ஆகாது, பொண்ணே."

ஒற்றை ஆள் சமையலில் தோல் எவ்வளவு விழும்? ஆனால் அந்த வீட்டில் ஒரு தட்டுச் சோறு தினமும் மிஞ்சியது. செத்தவர்களுக்கு விசேஷ நாளில் பங்கு எடுத்து வைப்பது ஊர் வழக்கம். பொன்சியானோ லிபராடாவுக்கு மூன்று வேளையும் வைத்தார். அதைத் தின்று வளர்ந்த நாயும் வீட்டின் அமைதி பிடிக்காமல் பக்கத்து வீட்டுத் தெல்மாவிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆகவே பங்கு தொட்டிக்குப் போயிற்று, சோறும், காடியில் வெந்த மீனும், உப்பு மீன்சாறு விட்ட பாகற்காயும்.

கிறிசெல்டா சொன்னபடி பார்த்தால் புழுக்கள் மறுநாளே செத்திருக்க வேண்டும். கொழுத்தன. லிபராடாவைப் போலவே முள்ளை வலப்பக்கம் அடுக்கின, பாகற்கொட்டையை ஒதுக்கின, பூனைக்கென்று ஒரு வாய்ச் சோறு மிச்சம் வைத்தன. சாப்பிட்டு முடிந்ததும் தொட்டிக்குள்ளிருந்து, இடுப்புத் துணியைத் தளர்த்திவிட்டு அவள் விடும் அதே பெருமூச்சு வந்தது. அவர் பக்கத்தில் உட்காராத வேளையில் பங்கு தொடப்படாமல் ஊசிப்போனது. அதனால் முக்காலியை அங்கே இழுத்துப் போட்டுக்கொண்டு சாப்பிட்டார். பேசவில்லை. கல்யாணமான நாளிலிருந்தே சாப்பிடும்போது அவர் பேசியதில்லை. அவளுக்கு வாசலில் எப்போதும் நாலு பேர் வேண்டும், அவருக்கோ வாசல்கதவில் கம்பி சுற்றியிருக்க வேண்டும். கம்பிதான் ஜெயித்திருந்தது.

புழுக்கள் தொட்டியை நிறைத்து, துணி துவைக்கும் பேசினை நிறைத்து, சோற்றுப் பானைக்கும் வந்தன. கிறிசெல்டா வந்து சாக்கைத் தூக்கிப் பார்த்தாள்.

"பிரிக்கலேன்னா மொத்தமும் மூச்சு முட்டிச் செத்துரும் தாத்தா."

"எந்தப் பாதியில அவ இருக்கான்னு சொல்லு. மத்ததைப் பிரிச்சுத் தாரேன்."

அவள் சிரிக்கவில்லை. தொட்டியைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். "பயிற்சியில அதைச் சொல்லித் தரலையே."

ஒரு நாள் காலையில் வாசல்கதவின் அடியில் புழுக்கள் காய்ந்து கிடந்தன. எல்லாத் தலைகளும் தெருவைப் பார்த்து இருந்தன. கிழவர் குந்தியிருந்து அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். பிறகு குறடு எடுத்து வந்து, துருவேறிய கம்பியை முறுக்கு முறுக்காக அவிழ்த்தார். தெல்மா சருவச்சட்டியோடு வந்தாள், அவளுக்குப் பின்னால் தெருவே வந்து ஆளுக்கொரு பிடி புழுவை அள்ளிக்கொண்டு போனது.

அன்று மத்தியானம் அவருடைய தொட்டியில் மிச்சமிருந்த புழுக்கள் காடி வாடை பட்டதும் சுருண்டு அடியில் போய் ஒளிந்தன. காய்த்தோலை மட்டும் தின்றன. எல்லா வீட்டுப் புழுக்களையும் போல ஆகிவிட்டன. ஊசிய சோற்றை அவர் தினமும் அள்ளி வெளியே கொட்டினார், தினமும் மறுபடி வைத்தார்.

"தாத்தா, உங்க வீட்டம்மா நேத்து எங்க வீட்லதான் சாப்பிட்டாங்க," என்றாள் தெல்மா வேலிக்கு மேலே. "முள்ளெல்லாம் வலது பக்கம். முந்தாநாள் மேலத்தெருவுல சாப்பிட்டாங்களாம்."

"புழு. கண்டதையும் திங்கும்."

"அப்ப உங்க வீட்ல ஏன் திங்கல?"

கிழவர் ஊசிய சோற்றை அள்ளிக் கொட்டப் போனார். சாயங்காலம் இரண்டு தட்டில் சோறு போட்டு எடுத்துக்கொண்டு தெல்மா வீட்டுக் கொல்லைக்குப் போனார். பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள், யாரோ மாட்டைத் திட்டினார்கள், அவருக்காக யாரும் பேச்சை நிறுத்தவில்லை. ஒரு தட்டை அவள் வீட்டுப் புழுத்தொட்டியில் கவிழ்த்து, மற்றதைத் தாம் சாப்பிட்டார். அவருடைய பழைய நாய் வந்து அவர் காலில் தலையை வைத்துப் படுத்தது. முட்கள் ஓரத்துக்கு வந்தன. பெருமூச்சும் வந்தது, அவர் வீட்டில் கேட்டதைவிட நீளமாக.

"கேட்டீங்களா?" என்றாள் தெல்மா.

"காத்து அடைச்சிருக்கும். புழுதானே." இரண்டு தட்டுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். "நாளைக்கு எந்த வீடு?"

"மேலத்தெருன்னு நெனைக்கிறேன்."

"புழுவுக்கு வீடு தெரியுமாக்கும்," என்று முனகிக்கொண்டே, காலை நாயிடமிருந்து உருவிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.