வாய் திறக்காமல் அடித்த கபிகுவா

எங்கள் தீவின் சிபாவோ சமவெளி முழுவதிலும் வாயைத் திறக்காமல் டோமினோவில் கபிகுவா அடித்த ஒரே மனிதன் நான்தான். அன்று மன்றத்துச் சுவரில் ஒரு பல்லி கொட்டாவி விட்டது; கூடத்தில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழுந்தது.

"பல்லியாம், கொட்டாவியாம்! எல்லாம் புளுகு. நான் அன்னிக்கு இருமினேன், அவ்வளவுதான்," என்பான் அன்று என்னோடு ஆடித் தோற்ற எலாதியோ. பொறாமை பிடித்தவன். எனக்கு அவன்மேல் இருந்த பொறாமை வேறு கதை. இல்லை, இதே கதைதான்.

எங்கள் ஓய்வுபெற்றோர் மன்றத்துக்கு ஒரே கூடம். ஒரு பாதி நெரெய்தா நடத்தும் படிப்பகம், மறுபாதி எங்கள் டோமினோ மேசை. எங்கள் ஊர் சந்தியாகோவில் நாங்கள் காயை வைப்பதில்லை, அறைவோம். நான் அறைந்தால் அடுத்த தெரு மாமரத்தில் பிஞ்சு உதிரும். அப்படியும் மாலைக் காப்பியில் முதல் கோப்பையை நெரெய்தா எனக்குத்தான் தருவாள். தனிக்கட்டையான எனக்கு அதற்காகத்தான் பொழுதே விடியும்.

ரேடியோ பழுதுபார்த்து ஓய்வுபெற்ற எலாதியோ, படிப்பகத்துக்கு அமைதி வேண்டுமென்று ஒரு பெட்டியைக் கொண்டுவந்து மாட்டினான். ஒரு மைக், மூன்று விளக்கு. அமைதி என்றால் பச்சை, கொஞ்சம் சத்தத்துக்கு மஞ்சள். சிவப்பு எரிந்தால் மின்விசிறி நின்றுவிடும். அதுவும் ஆகஸ்ட் மாதத்தில்!

"யாருய்யா விசிறிய நிறுத்தினது?"

"வேற யாரு? நம்ம நிகானோர்தான்!" என்று எல்லோரும் என்னைக் காட்டினார்கள்.

"எலாதியோ, உங்க கையில ஏதோ மந்திரம் இருக்கு," என்று நெரெய்தா முதல் கோப்பையை அவனிடம் நீட்டினாள். எனக்கு அடி மண்டிதான் வந்தது. அன்று என் வயிறு எரிந்த எரிச்சலில் ஒரு முழுப் பன்றியை வாட்டியிருக்கலாம்.

"ஒரு ஆட்டம் போடுவோமா? ஜெயிக்கிறவனுக்கு இனிமே முதல் கோப்பை," என்றேன்.

"சரி. ஆனா சிவப்பு எரிய வெச்சவருக்குக் கிடையாது," என்றாள் நெரெய்தா.

ஆட்டத்தின் கடைசியில் புள்ளிக் கணக்கில் எலாதியோ முன்னால் இருந்தான். என் கையில் ஒரே காய், மேசையில் இருந்த வரிசையின் இரண்டு முனைக்கும் பொருந்துகிற காய். அப்படி ஒரு காயால் ஆட்டத்தை முடிப்பதுதான் கபிகுவா. அதற்குரிய கூடுதல் புள்ளி கிடைத்தால் நான் ஜெயித்தேன். ஆனால் 'கபிகுவா' என்று அதன் பெயரை உரக்கச் சொன்னால்தான் புள்ளி. அது மன்றத்து வழக்கம். சொன்னால் சிவப்பு. சொல்லாவிட்டால் தோல்வி.

தூங்கும் குழந்தையைக் கிடத்துவதுபோல் காயை வைத்தேன். பச்சை அசையவில்லை. பல்லி கொட்டாவி விட்டது.

எலாதியோ இந்த முனையைப் பார்த்தான், அந்த முனையைப் பார்த்தான். கழுத்து நரம்பு மரவள்ளிக்கிழங்கு பருமனுக்குப் புடைத்தது. எங்கள் ஊர்க்காரன் எமனைக் கண்டாலும் சும்மா இருப்பான். கபிகுவாவைக் கண்டால் இருக்கமாட்டான்.

"கபிகுவா!" என்று அலறி மேசையை அறைந்தான். சிவப்பு. விசிறி நின்றது. பெயரை யார் சொல்லவேண்டும் என்று எங்கள் வழக்கத்தில் கிடையாதே! கோப்பை என்னிடம் வந்தது.

அன்றிலிருந்து "இருமினேன்" என்றே சாதித்தான். நேற்று நெரெய்தா ஆவி பறக்கும் கோப்பையோடு அவன்முன் நின்றாள்.

"உண்மையச் சொன்னா இன்னிக்கு முதல் கோப்பை உங்களுக்கு."

நான் பதறிப்போனேன். "சொல்லாதடா! நான் புளுகன்னே இருக்கட்டும்!"

எலாதியோ கோப்பையை வாங்கி, நிதானமாக ஒரு வாய் உறிஞ்சினான். பச்சை விளக்கு கலையாதபடி மெல்லச் சொன்னான்:

"நான்தான் கத்தினேன், நெரெய்தா. இவன் வாயே தொறக்கல. பல்லி விட்ட கொட்டாவியும் கேட்டுச்சு."