மேட்டுப்பக்கச் சக்கரம்

"ஆட்டமே இல்ல. காலங்காத்தால என் உசுர வாங்காதே, பாலா," என்றேன்.

தேயிலைக் கொழுந்து ஏற்றும் பிக்கப்பின் இடப்பக்கப் பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, இரண்டு கையாலும் பிடித்து உள்ளே தள்ளினேன், வெளியே இழுத்தேன். அசையவே இல்லை. பாலன் நம்பாமல் நின்றான். தோட்டத்துக்கும் ஃபேக்டரிக்கும் நடுவே அந்த வண்டியோடு மாரடிக்கிற டிரைவர் அவன்.

"அண்ணா, வளைவுல திரும்பறப்ப டொக்கு டொக்குனு அடிக்குது. எனக்கென்ன கிறுக்கா, வேலைய உட்டுட்டு வந்து பொய் சொல்ல?"

"நீ ஓட்டற லட்சணத்துக்கு டொக்குனுதான் அடிக்கும். எடுத்துட்டுப் போ."

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். குன்னூரில் எல்லோருக்கும் அது தெரியும். அருள்ராஜ் திட்டினால் வேலை சுத்தமாக இருக்கும் என்றும் சொல்வார்கள். அந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி.

அந்த நேரம் பார்த்து மேலே ரோட்டில் சிலிண்டர் லாரி ஹாரன் அடித்தது. பிக்கப்பின் மூக்கு பாதி ரோட்டை அடைத்திருந்தது. பாலன் ஜாக்கியை இறக்கி, வண்டியை எடுத்து, லாரிக்கு வழிவிட்டு, ஒரு சுற்றுச் சுற்றி வந்து எதிர்ப்பக்கம் பார்த்து நிறுத்தினான். என் பட்டறை வாசல் முழுக்கச் சரிவு. இந்த மலையில் சமதளம் வேண்டுமென்றால் ரயில்வே பிளாட்பாரத்தில்தான் பட்டறை போட வேண்டும். முதலில் மேட்டுப்பக்கம் இருந்த அந்த இடப்பக்கச் சக்கரம் இப்போது பள்ளத்துப் பக்கம் வந்திருந்தது.

பாலனின் வாயை அடைப்பதற்காகவே மறுபடி தூக்கினேன். "வா, நீயே கண்ணால பாத்துக்க," என்று சொல்லிச் சக்கரத்தைப் பிடித்து உள்ளே தள்ளினேன்.

டொக்.

இழுத்தேன். டொக். என் சுண்டுவிரல் கனத்துக்குச் சக்கரம் உள்ளே போய் வெளியே வந்தது.

"பாத்தீங்களா!" என்று பாலன் கத்தினான். எனக்கு அது தூரத்தில் கேட்டது. மேட்டுப்பக்கம் இருந்தபோது சக்கரத்தின் கனமே உள்நோக்கிச் சாய்ந்து, ஆட்டத்தை மூடிப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. நான் சமதளத்தில் பார்க்கிற மாதிரி ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, ஆட்டமில்லை என்று எழுந்திருக்கிறேன்.

இதே இடம். இதே மேடு. நேற்று இங்கேதான் சுப்பண்ணன் ஐயாவின் கார் நின்றது.

ஐயா தேயிலை வியாபாரம் செய்து ஓய்ந்தவர். அறுபதுகளில் கப்பலில் வந்த வெளிநாட்டுக் கார் ஒன்றை வைத்துக்கொண்டு, பெற்ற மகளுக்குச் சமமாகக் கொஞ்சுவார். அந்தக் காரில் பின்சக்கரங்கள் ஒரே இரும்பு அச்சில் கோத்திருப்பதில்லை. பக்கத்துக்கு ஒரு யோக், கவை மாதிரி ஒரு இரும்புத் தண்டு. அதன் உள்முனை நடுவில் இருக்கிற டிஃபரன்ஷியல் பெட்டிக்குள் போய் ஒரு சின்ன வளையத்தில் பூட்டிக்கொள்ளும். சக்கரம் சாயாமல் நிற்பதே அந்தப் பிடியில்தான். முனை தேய்ந்தால் யோக் உள்ளேயும் வெளியேயுமாக ஆடும். ஆடி ஆடி ஒருநாள் வளையத்தை உடைத்துக்கொண்டு உருவி வரும். அப்புறம் சக்கரம் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம்.

வலப்பக்க யோக் தேய்ந்திருந்தது அப்பட்டமாகவே தெரிந்தது. கழற்றி, முனையில் கெட்டி உலோகத்தை வெல்டு வைத்து, அளவாகத் தேய்த்து மாட்டினேன். அதில் ஒரு குறை சொல்ல முடியாது. இடப்பக்கத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். ஆடவில்லை. ஆடாததை எதற்குப் பிரிப்பது என்று மூடிவிட்டேன். இடப்பக்கம் மேட்டில் இருந்தது.

அந்தக் கார் இப்போது மலை இறங்கிக்கொண்டிருந்தது. ஐயாவின் மகள் ஸ்வேதாவுக்கு நாளைக்கு மேட்டுப்பாளையத்தில் கல்யாணம். ஐயா ஓட்ட, பக்கத்தில் அவர் மனைவி ஜானகியம்மாள், பின்னால் கல்யாணப்பெண். அவளுக்குப் பக்கத்தில் என் மனைவி ரேகா. ரேகா பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள்; பெண்ணுக்கு அலங்காரம் அவள்தான். காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றவள், "ஏனுங்க, பழைய வண்டி, இந்த எறக்கத்துல பயமில்லீங்களே?" என்று கேட்டாள். நான் என்ன சொன்னேன்? "நான் பாத்த வண்டி. கண்ண மூடிட்டு ஏறு புள்ள." எரிந்து விழுந்துதான் சொன்னேன். என் வேலையைச் சந்தேகப்பட்டதாகக் கோபம்.

ரேகாவுக்கு போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. ஐயாவுக்குப் போட்டேன். அதே குரல், அதே பாட்டு. மலைக்குள் இறங்கிவிட்டால் சிக்னலாவது மண்ணாவது.

"பாலா, வண்டிய எடு. கீழ போகணும்."

"இந்த வண்டியிலயா? இப்பத்தானண்ணா ஆடுதுன்னு…"

"ரேகா அந்தக் கார்ல இருக்கா பாலா!"

அவன் ஜாக்கியை இறக்கிவிட்டு ஸ்டியரிங்கில் ஏறினான்.

வலப்பக்கம் திரும்புகிற வளைவு ஒவ்வொன்றிலும் இடப்பக்கச் சக்கரத்தின் மேல் பாரம் விழும். யோக்கை வெளியே இழுக்கும். இதை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். இப்போது அது எனக்கே திரும்பி வந்தது. வலது வளைவு வரும்போதெல்லாம் எங்கள் பிக்கப்பின் சக்கரமும் டொக் என்றது. டொக் என்கிறபோதெல்லாம் எனக்கு அந்தக் காரின் வளையம் கண்ணில் தெரிந்தது.

"மெதுவாப் போறேண்ணா, நம்ம சக்கரமும்…"

"போ. போனாப் போகுது. போ!"

சொன்ன பிறகுதான் என்ன சொல்கிறேன் என்று உறைத்தது. பாலனுக்கும் வீட்டில் ஒருத்தி காத்திருக்கிறாள். பாவி, ஒரு உயிரைக் காப்பாற்றுகிறேன் என்று இன்னொன்றைக் கேட்கிறேன். "வேண்டாம், ரெண்டாம் கியர்லயே போ," என்றேன். அவன் ஏற்கெனவே இரண்டாம் கியரில்தான் இருந்தான்.

காட்டேரி என்ற ஊரைத் தாண்டினோம். மரப்பாலத்தில் எதிரே வந்த ஒரு பஸ்காரரைக் கைகாட்டி நிறுத்தி, பழைய கார் ஒன்று பூ கட்டிக்கொண்டு போனதா என்று கேட்டேன். "போச்சுங்க, நேரமாச்சு," என்றார். நேரமாச்சு என்றால் எவ்வளவு என்று கேட்காமலே பாலனைப் போகச் சொன்னேன். வளைவுக்கு வளைவு தடுப்புச் சுவரைப் பார்த்தேன். உடைந்திருக்கிறதா, புதிதாகக் கல் பெயர்ந்திருக்கிறதா என்று பார்த்தேன். ஒரு இடத்தில் பெயர்ந்திருந்தது. "நிறுத்து!" என்று அலறி இறங்கி ஓடிக் கீழே எட்டிப் பார்த்தேன். பாசி பிடித்த பழைய உடைசல். பள்ளத்தில் குரங்குகள் மட்டும் உட்கார்ந்திருந்தன. திரும்பி ஓடி வந்து ஏறினேன். பாலன் என் பக்கம் பார்க்காமல் ஓட்டினான்.

ஆண்டவா, அவளை மட்டும் விட்டுவிடு. நான் இனி யாரையும் திட்டமாட்டேன். இப்படி என்னென்னவோ சொல்லிக்கொண்டே வந்தேன்.

பர்லியாரில் பழக்கடைகளுக்கு ஓரமாக அந்தக் கார் நின்றது. நான்கு சக்கரமும் இருந்தது. ஜானகியம்மாள் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். ஸ்வேதா கையில் பலாச்சுளை. ஐயா டீ கிளாஸைக் கொடுத்துவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டிருந்தார். ரேகா பின்கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்திருந்தாள்.

பிக்கப் நிற்பதற்குள் குதித்தேன். "எறங்குங்க! எல்லாரும் எறங்குங்க!"

"என்னப்பா அருளு? வேலையிருக்குது வரமாட்டேன்னவன் இங்க வந்து நிக்கற!" என்று ஐயா சிரித்தார்.

நான் இடப்பக்கப் பின்சக்கரத்தின் முன்னால் மண்டியிட்டேன். டயரின் உட்புறம் எண்ணெய் வடிந்து புழுதியோடு அப்பியிருந்தது. அங்கே தரை சமம். டயரின் மேல்விளிம்பைப் பிடித்து என் பலமெல்லாம் கூட்டி இழுத்தேன். தூக்காமலே, அத்தனை பாரம் இருக்கும்போதே, சக்கரம் சாய்ந்து வந்தது. உள்ளே ஏதோ உடைந்த துண்டு உருளும் சத்தம் கேட்டது. இன்னும் ஒரு வளைவு தாங்கியிருக்காது.

ஐயாவின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. "நீ பாத்துட்டேன்னு சொன்னியே, அருளு!"

"பாத்தேனுங்க ஐயா. தப்பாப் பாத்துட்டேன்."

"தப்பாப் பாத்தியா? எம்பொண்ணு உள்ள உக்காந்திருக்கறாப்பா!" அவர் கையை ஓங்கினார். பிறகு அந்தக் கையாலேயே மகளின் தோளைப் பிடித்துக்கொண்டார். அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலாம் போல இருந்திருக்கும்.

ரேகா என் பக்கத்தில் வந்து குனிந்தாள். குரல் மெதுவாக வந்தது. "மரப்பாலத்துலயே சத்தம் வந்துச்சுங்க. ஐயா பயந்து போயி, காரை உட்டுட்டு பஸ்ல போயிரலாமான்னு இங்க வந்ததும் கேட்டாரு. நாந்தான் வேண்டாம்னேன்."

"ஏம்புள்ள?"

"எங்க ஊட்டுக்காரர் பாத்த வண்டி, கண்ண மூடிட்டு ஏறலாமுன்னு சொன்னேன்."

நான் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். பழக்கடைக்காரர்கள், பஸ்ஸுக்கு நிற்பவர்கள், எல்லோர் முன்னாலும் அழுதேன். ரேகா முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். துடைத்ததில் கிரீஸும் சேர்ந்து அப்பிக்கொண்டது.

கார் அங்கேயே நிற்கட்டும் என்று முடிவானது. பாலன் இரண்டு வண்டிச் சக்கரத்துக்கும் கல் வைத்துவிட்டுக் காவலுக்கு உட்கார்ந்தான். மேட்டுப்பாளையம் பஸ் வந்தது. ஐயா என்னைப் பார்க்காமல் மனைவியையும் மகளையும் ஏற்றிவிட்டு ஏறினார். ரேகா அலங்காரப் பெட்டியோடு படியில் ஒரு காலை வைத்தாள். வைத்தவள் நின்று, பழக்க தோஷத்தில் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"ஏறலாமுங்களா?"

நான் பஸ்ஸின் பின்சக்கரத்தைப் பார்த்தேன். புழுதி படிந்து, மற்ற எல்லாச் சக்கரங்களையும் போலத்தான் இருந்தது.

"எனக்குத் தெரியல, ரேகா," என்றேன்.

கல்யாணமானதிலிருந்து அவளிடம் அந்த வார்த்தையை நான் சொன்னதே இல்லை. அவள் பெட்டியை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, என் கையைப் பிடித்து இழுத்தாள். நானும் ஏறினேன்.