எட்டு மில்லி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், இது கதையாகப் பிறக்கவில்லை. அம்பத்தூரில் கார்ப் பைத்தியங்கள் சிலர் சேர்ந்து நடத்திய ஒரு சங்கத்தின் ஆண்டு மலருக்கு, ‘ஸ்போர்ட்ஸ் காருக்கு வீல் ஸ்பேசர்: தெருவுக்கு ஆகுமா, ட்ராக்குக்கு ஆகுமா?’ என்று இரண்டு பக்கக் கட்டுரை கேட்டார்கள். எனக்கு சைக்கிளுக்குச் செயின் மாட்டத் தெரியும், அவ்வளவுதான். ஆனாலும் சரி என்று சொல்லிவிட்டேன். ஆவடியில் என் குவார்ட்டர்ஸுக்கு எதிர் வீட்டில், ஒரு காலத்தில் ரேஸ் ஓட்டிய செபாஸ்டியன் இருந்தாரே, அந்தத் தைரியம்.

கட்டுரை இப்படித் தொடங்கியது: ‘ஸ்பேசர் என்பது சக்கரத்துக்கும் அது உட்காரும் இடத்துக்கும் நடுவே வைக்கிற அலுமினிய வளையம். வைத்தால் சக்கரம் கொஞ்சம் வெளியே தள்ளி நிற்கும், ஆள் காலை அகட்டி நிற்பதுபோல. வளைவில் வண்டி சாயாது. ஆனால்

அந்த ‘ஆனால்’ வரைக்கும் செபாஸ்டியன் சொன்னார். அதற்குமேல், டீ கொண்டுவந்த அவர் மனைவி ஜெயசீலி சொன்னார். கட்டுரை அங்கேயே நின்றுவிட்டது.

(இனிமேல் கதை என்பதால் அவன், அவள் என்றுதான் எழுத வரும். எதிர் வீட்டில் இதைப் படித்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம்.)

2

1993. செபாஸ்டியன் தொழிற்சாலையில் லேத்தில் இரும்பு கடையும் டர்னர். துருப்பிடித்துக் கிடந்த ஒரு இரண்டு சீட்டுக் காரை வாங்கி நாலு வருஷம் தட்டி, ஒட்டி, சிவப்புப் பெயிண்ட் அடித்து எழுப்பியிருந்தான். வாரநாளில் அதில்தான் ஜெயசீலியை அம்பத்தூரில் அவள் வேலை பார்க்கும் போல்ட் கம்பெனி வாசலில் இறக்கிவிடுவான். ஞாயிற்றுக்கிழமை அதே கார் பூந்தமல்லியைத் தாண்டி ரேஸ் ட்ராக்குக்குப் போகும்.

ஜெயசீலிக்குப் போல்ட்டின் மரை, அதாவது திருகுச் சுற்று, சரியா என்று பார்க்கிற வேலை. போல்ட்டை எடுத்து அளவு பார்க்கும் கேஜில் சுற்றுவாள். சரியாக ஏறினால் இந்தப் பெட்டி, ஏறாவிட்டால் சிவப்புப் பெட்டி.

(புருஷனுக்குக் கார், பெண்டாட்டிக்குப் போல்ட், எழுதுகிறவனுக்கு என்ன வசதி என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கே கூச்சமாக இருந்தது. ஒரு வரைவில் அவளை டைப்பிஸ்ட் ஆக்கிப் பார்த்தேன். டைப்பிஸ்ட் ஜெயசீலி நட்டின் சுற்றை எண்ணவே இல்லை. பேசாமல் பழைய வேலைக்கே அனுப்பிவிட்டேன்.)

கலியமூர்த்தியின் லேத் பட்டறையில் எட்டு மில்லி தடிமனில் நாலு ஸ்பேசர் கடைந்துகொண்டு வந்து செபாஸ்டியன் மாட்டினான். சக்கரத்தைத் தாங்கும் ஸ்டட் கம்பிகளில் அவன் நட்டைச் சுற்றும்போது அவள் பக்கத்தில் நின்றாள்.

“இன்னாங்க, நட்டு நாலு சுத்துலயே நின்னுட்ச்சி? முன்னெல்லாம் பதினோரு சுத்து போவுமே?”

“ஸ்பேசர் எட்டு மில்லி துன்னுகிச்சி. நாலு மரை புடிச்சா போதும்.”

“யாரு சொன்னது?”

“கலியமூர்த்தி.”

“அவரா ஓட்டப் போறாரு? நீட்டு ஸ்டட்டா போடுங்க. அப்பால ஸ்பேசர் போடுங்க.”

“ஞாயித்துக்கெழம மட்டும்தான் சீலி. திங்கக்கெழம கழட்டிருவேன்.”

திங்கட்கிழமை கழற்றவில்லை. அடுத்த திங்கட்கிழமையும் இல்லை. அம்பத்தூர் ரோட்டுப் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் டயர் மட்கார்டில் உரசி ‘சர்ர்’ என்றது. ஸ்டியரிங் கனத்தது. “பழகிடும்” என்றான். அவள் மடியில் டிபன் பாக்ஸை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நாலு, நாலு, நாலு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே போவாள்.

3

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மஞ்சள் வெயில் ஒரு புடவையைப் போல

(இல்லை. அன்று அவள் கண்ணில் வெயில் படவில்லை.)

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் செபாஸ்டியன் காட்டுப்பாக்கத்தில் தேவராஜ் வீட்டுக்கு ஹெல்மெட் வாங்கிவர பஸ்ஸில் போயிருந்தான். தேவராஜ் அவனுடைய ரேஸ் கூட்டாளி. ஜெயசீலி கதவைச் சாத்தினாள், ஜாக்கியை எடுத்தாள். ஒவ்வொரு சக்கரமாகத் தூக்கிக் கழற்றி, ஸ்பேசரை உருவி, திரும்ப மாட்டினாள். நாலு சக்கரத்துக்குப் பதினாறு நட்டு. ஒவ்வொன்றும் பதினோரு சுற்று போனது. வீல் ஸ்பேனர் மேல் ஏறி நின்று இறுக்கினாள். ஸ்பேசர்களைப் பழைய சேலையில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

வந்ததும் சொல்லிவிடுவது என்றுதான் இருந்தாள். ஆனால் அவன் தேவராஜோடு சிரித்துக்கொண்டே வந்தான். “நாளைக்குப் பாரு தங்கச்சி, மச்சான் பறக்கப் போறான்” என்றான் தேவராஜ். அவள் காபி போட உள்ளே போனாள். காபியோடு சொல்லலாம் என்று நினைத்தாள். சாப்பாட்டோடு சொல்லலாம் என்று நினைத்தாள். விடிந்து எழுந்தபோது காரும் இல்லை, அவனும் இல்லை.

4

பூசையில் பாதிரியார் பிரசங்கத்தை ஆரம்பித்த நேரம் அவளுக்கு அது உறைத்தது.

அவனுக்குத் தெரியாது. சக்கரம் அகலமாக நிற்கிறது என்று நம்பி, இரண்டு வாரமாகப் பழகின வேகத்தில் வளைவுக்குள் நுழைவான். வண்டியோ பழைய வண்டி. அவனைக் காப்பாற்ற என்று கழற்றினேனா, கவிழ்க்கக் கழற்றினேனா?

பாதிப் பூசையில் எழுந்து நடந்தாள். பின்வரிசையில் யாரோ, “இன்னாம்மா, ஒடம்பு சரியில்லியா?” என்று கேட்டார்கள். ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்கு ஒரு பஸ். அங்கிருந்து ட்ராக் வழியாகப் போகும் ஸ்ரீபெரும்புதூர் பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் நின்றாள். ஒரு பக்கம் பார்த்தால், கழற்றாமல் விட்டிருந்தால் நாலு மரையில் ஓடுகிற சக்கரம் கழன்று போகலாம். இன்னொரு பக்கம் பார்த்தால் சொல்லாமல் மாற்றின வண்டி புரண்டு போகலாம். எந்தப் பக்கம் நின்று யோசித்தாலும் குற்றம் தன் மேல்தான் வந்து நின்றது.

(இந்த இடத்தில் அவளை அழவைத்து ஒரு பத்தி எழுதியிருந்தேன். “பஸ் ஸ்டாண்டுல எங்க சார் அழறது, எடம் புடிக்கவே நேரம் சரியா இருந்துச்சி” என்றாள். அடித்துவிட்டேன்.)

5

அவள் போய்ச் சேர்ந்தபோது அவன் ஓடிக்கொண்டிருந்தான். கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் சிவப்புக் கார். கூப்பிட்டால் கேட்காது. ஒவ்வொரு முறையும் வளைவில் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. முன்னைவிட அதிகமாகச் சாய்ந்ததா, எப்போதும் சாய்வதுதானா என்று அவளுக்குத் தெரியவில்லை. இதற்கு முன் அவள் பார்க்க வந்ததே இல்லை. எட்டுச் சுற்று. எட்டு முறையும் வேலிக் கம்பியை விட்டுக் கையை எடுக்கவில்லை.

வண்டி நின்றது. தேவராஜ் ஸ்டாப் வாட்சைத் தூக்கிக்கொண்டு ஓடினான். “ரெண்டு முப்பத்தொண்ணு மச்சான்! மூணு செகண்டு கொறச்சிட்ட!”

செபாஸ்டியன் ஹெல்மெட்டைக் கழற்றினான். நாலைந்து பேர் சூழ்ந்துகொண்டார்கள். “எல்லாம் ஸ்பேசர்டா” என்றான். “எட்டு மில்லி. இன்னா பிடி பிடிக்குது தெரியுமா?”

“எனக்கும் ஒரு செட்டு சொல்லு மச்சான். என் வண்டில பொண்டாட்டி புள்ளிங்கள ஏத்திகினு வேளாங்கண்ணி போறேன் அடுத்த வாரம். ஆடாம போவும்ல?” என்றான் தேவராஜ்.

“நாளைக்கே சொல்லிடறேன்.”

அப்போதுதான் ஜெயசீலி வேலியைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தாள். யாரும் அவளை எதிர்பார்க்கவில்லை. நேரே தேவராஜிடம் சொன்னாள்.

“வேணாண்ணா. அந்த வண்டில ஸ்பேசரே இல்ல. நேத்து நான் கழட்டிட்டேன்.”

6

அடுத்து என்ன நடந்தது என்பதை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் செபாஸ்டியன் எல்லார் முன்பும் கத்துகிறான். இன்னொன்றில் விழுந்து விழுந்து சிரிக்கிறான். இரண்டும் சினிமாவாக இருந்தன. மூன்றாவதுதான் நடந்தது.

அவன் முட்டி போட்டு உட்கார்ந்தான். சூடான சக்கரத்துக்குப் பின்னால் விரலை விட்டு, ஸ்பேசர் இருந்த இடத்தைத் தடவினான்.

“நட்டு யாரு முறுக்குனது?”

“நான்தான்.”

“எத்தினி சுத்து?”

“பதினொண்ணு.”

கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். “செட்டு வேணாண்டா தேவா” என்றான். அவ்வளவுதான்.

திரும்பும்போது இரண்டு சீட்டில் இரண்டு பேர். பூந்தமல்லி வந்தது. அப்புறம் அவன் கேட்டான்.

“நான் கவுந்திருந்தா?”

“அதுக்குத்தான் பூசைய உட்டுட்டு ஓடியாந்தேன்.”

“வந்து? நான் உள்ள கீறேன், நீ வேலிக்கு வெளிய கீற. இன்னா பண்ணியிருப்ப?”

கொஞ்ச தூரம் போனதும் அவளும் ஒன்று கேட்டாள். “நெஜமா சொல்லுங்க. ஓட்டும்போது ஒங்களுக்குத் தெரிஞ்சிதா, தெரியலியா?”

அவன் கியரை மாற்றினான்.

7

பிறகு நீட்டு ஸ்டட் வந்தது. ஸ்பேசர் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஏறியது. சுற்றை அவள் எண்ணினாள். ஸ்பேசரோடு சில நாள் வேகம் கூடியது, சில நாள் குறைந்தது. மூன்று செகண்டு எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஆண்டு மலரில் எனக்கு ஒதுக்கிய பக்கங்களில் பேட்டரி விளம்பரம் வந்தது.

வரைவை இருவரிடமும் படிக்கக் கொடுத்தேன். செபாஸ்டியன் மாடிப்படியில் என்னை நிறுத்தினார். “எனக்கு மொத வளைவுலயே தெரிஞ்சிட்ச்சின்னு எழுதிடுங்க சார்.”

“அப்படியா? தெரிந்ததா?”

“தெரியலன்னு எழுதினீங்கன்னா, அவ என்னைக் கொல்லப் பாத்தாமாரி ஆயிடும் சார்.”

அன்று சாயங்காலமே ஜெயசீலி வந்தார். “அவருக்குத் தெரியாதுன்னே இருக்கட்டும் சார். தெரிஞ்சிருந்தா, அத்தினி பேர் முன்னாடி என் வாயால சொல்ல உட்டிருப்பாரா?”

நான் இரண்டு நாளாகக் கீழே இருக்கும் இந்த ஒரு வரியோடு உட்கார்ந்திருக்கிறேன். உங்களிடம் பேனா இருந்தால் இரண்டில் ஒரு சொல்லை அடித்துவிடுங்கள். எதிர் வீட்டில் விளக்கு எரிகிறது, என்னால் முடியவில்லை.

கையைத் துடைத்துக்கொண்டு எழுந்த செபாஸ்டியனுக்கு அது முன்பே தெரிந்திருந்தது / தெரிந்திருக்கவில்லை