மூன்றாம் ஓலை

உப்புவாசலுக்குத் தனியாக வருகிறவர்களுக்கு அன்றைக்கே ஓலை வாசித்துவிடுவார்கள். ஓலை என்றால் கல்யாண அறிவிப்பு. இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை அறிந்தவர்கள் சொல்லலாம் என்று கோயிலில் மூன்று முறை வாசிக்க வேண்டும். உள்ளூர்க்காரர்களுக்கு மூன்று ஞாயிறு. வெளியூர்க்காரர்களுக்கு அவ்வளவு நேரம் இருக்காது என்பதால், ஊரின் மூன்று பழைய கோயில்களிலும் ஒவ்வொரு தடவை வாசித்து ஒரே நாளில் முடித்துவிடுகிறார்கள்.

எனக்கு இது தெரியும். பேருந்து நிலையப் பலகையிலேயே எழுதியிருக்கிறது. துணையோடு வந்தால் ஓலை கிடையாது. எங்கள் துறைத் தலைவர்கூட, "பொம்பளப் பிள்ளை, யாரையாவது கூட்டிட்டுப் போம்மா" என்றார். கல்வெட்டுப் படிக்கக் கண் போதும், துணை எதற்கு என்று அவரிடம் அரை மணி நேரம் வாதாடிவிட்டுத் தனியாகக் கிளம்பினேன். மூன்று கோயில்களின் கல்வெட்டுகளையும் படியெடுத்து, மாலை ஐந்தேகால் பேருந்தைப் பிடித்துவிட்டால் நான் ஜெயித்தேன். அதுதான் கடைசிப் பேருந்து. மூன்றாம் ஓலைக்கும் யாரும் தடை சொல்லாவிட்டால் ஐந்து மணிக்குத் தாலி.

முதலில் சந்தியாகப்பர் கோயில். வாசலில் இருந்த வருகையேட்டில் பெயர், ஊர், தகப்பனார் பெயர் எழுதினேன். கருத்து என்ற கட்டத்தில் 'தகப்பனார் பெயர் எதற்கு?' என்று எழுதினேன். உள்ளே தரை முழுக்கக் கல்லறைக் கற்கள். பாதி எழுத்தை முழங்கால்கள் தின்றிருந்தன. ஒன்றின் மேல் காகிதத்தை விரித்துப் பென்சிலால் தேய்த்துக்கொண்டிருந்தபோது பங்குச்சாமியார் பீடத்துக்கு வந்து, அந்த ஏட்டைப் பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாசித்தார்.

"வடக்கன்குளம் தேவசகாயம் மகள் பிலோமினாவுக்கும், நம்மூர் சவேரியார் கோயில் மணிக்கூண்டுக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. இது முதல் ஓலை."

கையைத் தூக்கினேன். "எனக்கு ஆட்சேபணை இருக்கு, ஃபாதர்."

"கல்யாணமே உனக்குத்தானம்மா. பொண்ணே தடை சொன்னா எப்படி? வேற யாராவது சொல்லணும்."

"நான்தான் தனியா வந்திருக்கேனே."

"அதனாலதானம்மா ஓலை."

காகிதத்தைச் சுருட்டிக்கொண்டேன். அவர் ஸ்கூட்டரில் அடுத்த கோயிலுக்குப் போனார். பின்னால் சாவிக் கொத்தோடு வியாகுலம் உட்கார்ந்திருந்தார். வியாகுலம் அங்கே கோயில்பிள்ளை. பெருக்குவது, திரி ஏற்றுவது, மணி அடிப்பது எல்லாம் கோயில்பிள்ளையின் வேலை. மூன்று கோயிலுக்கும் பிள்ளை அவர் ஒருவர்தான்.

வழியில் மீன் விற்றுக்கொண்டிருந்த அக்காவிடம், எனக்காக ஒரு தடை சொல்ல முடியுமா என்று கேட்டேன்.

"மணிக்கூண்டா? தங்கமான பையனாச்சே! சொந்த இடம். குடி, சீட்டு ஒண்ணும் கிடையாது."

"நூத்தி எண்பது வயசுக்கா."

"ஆம்பளைக்கு என்னடி வயசு? படிச்ச பிள்ளைங்களுக்குத்தான் இந்தக் கணக்கெல்லாம்." ஒரு சாளையை எடுத்து என் முகத்துக்கு நேரே ஆட்டினாள். "வீட்டுக்கு நேரத்துக்கு வர்ற மாப்பிள்ளை இந்த ஊர்லயே அது ஒண்ணுதான்."

பெரிய மாதா கோயிலில் கல்வெட்டு உத்தரத்துக்குப் பக்கத்தில் இருந்தது. "அண்ணாச்சி, ஏணியைக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்க" என்று வியாகுலத்திடம் கேட்டேன். பிடித்துக்கொண்டார்.

"சம்மதம் இல்லையோ?" என்றார் கீழேயிருந்து.

"என்கிட்ட யாருமே கேக்கலையே, அண்ணாச்சி."

"கூண்டுகிட்டயும் கேக்கல. காலையில எட்டு மணிக்குப் பதினொண்ணு அடிச்சுது. பதற்றம் போல."

அது எப்படிப்பட்ட சுபாவம், மழையில் என்ன செய்யும், இதற்கு முன் எத்தனை ஓலை என்று கேட்டுக்கொண்டே எழுத்துகளைத் தடவினேன். ஆறாவது வரியில் கால் வைத்திருந்த படி முறிந்தது. "அண்ணே!" என்று கத்தினேன். வியாகுலம் தாங்கிக்கொண்டார். சாமியார் இரண்டாம் ஓலையை வாசித்தார். யாரும் வாய் திறக்கவில்லை.

சவேரியார் கோயிலுக்குப் போய்ச் சேரும்போது மணி நாலே முக்கால். மணிக்கூண்டு கோயிலைவிட்டு நாலடி தள்ளி, புதுச் சுண்ணாம்பு பூசி, இடுப்பில் மாவிலைத் தோரணத்தோடு நின்றது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அது வேறு விஷயம்.

வாசலில் வியாகுலத்தை நிறுத்தினேன். "அண்ணாச்சி, உங்களை ஏன் கோயில்பிள்ளைன்னு சொல்றாங்க?"

"கோயிலோட பிள்ளை. அதான்."

"மணிக்கூண்டு யாரோட பிள்ளை?"

யோசித்தார். "அதுவும் இந்தக் கோயிலுக்குப் பிறந்ததுதான். கோயில் எழும்பி ஒன்பதாம் வருஷம்."

"அப்ப உங்களுக்கு என்ன முறை?"

"பெரியண்ணன்."

"நான் உங்களை எப்படிக் கூப்பிடுறேன்?"

வியாகுலம் சாவிக் கொத்தைப் படியில் வைத்தார்.

மூன்றாம் ஓலை வாசித்து முடிந்ததும் பின்வரிசையில் ஒரு கை எழுந்தது. "தடை இருக்கு, சாமி. இந்தப் பிள்ளை எனக்குத் தங்கச்சி. கூண்டுக்கும் தங்கச்சி முறை."

சாமியார் கண்ணாடியைக் கழற்றினார். "அண்ணாச்சின்னுதானே கூப்பிட்டா? பலசரக்குக் கடைக்காரரையும் அப்படித்தான் கூப்பிடுறோம். அது மரியாதை. முறை ஆகாது."

எனக்கு இதில் சொல்ல நிறைய இருந்தது. ஆனால் கல்யாணப் பெண் பேசக்கூடாது. வாழ்க்கையில் முதல்தடவையாக வாயை மூடிக்கொண்டு வேறொருவரின் வாயைப் பார்த்தேன்.

"ஏணிப் படி முறிஞ்சப்போ அண்ணேன்னு கத்துனா, சாமி. விழும்போது யாரும் மரியாதைக்குக் கூப்பிட மாட்டாங்க."

சாமியார் ஓலையை நாலாக மடித்து அங்கிக்குள் வைத்தார். "அண்ணன் தங்கச்சிக்கா ஓலை வாசிச்சேன்?" என்று நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். வெளியே மணிக்கூண்டு ஐந்து அடித்தது. சரியாக ஐந்து.

வாசல் கல்வெட்டை அவசரமாகப் படியெடுத்து, பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வியாகுலம் விடவில்லை.

"அண்ணன்மார் இருக்கும்போது தங்கச்சி தனியா பஸ் ஏறுறதாவது!"

அது என் உரிமை என்று நாலு காரணம் சொன்னேன். அவர் நாலையும் கேட்டுவிட்டு, தனக்குக் கோயில் பூட்டும் வேலை இருப்பதால் பெரியண்ணனை அனுப்பினார். நடத்துநர் அவரைப் பின்படிப் பக்கம் நிற்கச் சொன்னார். பாலங்களுக்கு அடியில் போகும்போது மட்டும் அண்ணன் கொஞ்சம் குனிந்துகொண்டார். தோரணம் வழியெல்லாம் உதிர்ந்துகொண்டே வந்தது.

எங்கள் கல்லூரி விடுதி ஏட்டில் உறவு என்ற கட்டத்தில் 'அண்ணன்' என்று எழுதினேன். வார்டன் அண்ணாந்து பார்த்து, "ஆம்பளைங்க உள்ள வரக்கூடாது, தம்பி" என்றார். அண்ணன் வாசலுக்கு வெளியே நின்றுகொண்டார். மறுநாள் துறைத் தலைவர், "தனியாவா வந்தே?" என்று கேட்டார். தனியாகப் போனேன் என்றேன்.

ஆறு மணிக்குள் பிள்ளைகள் உள்ளே வந்துவிட வேண்டும் என்பது விடுதி விதி. அண்ணன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, தினமும் மாலை ஆறு அடித்தார். நூலகம் ஆறே முக்கால் வரை திறந்திருக்கிறது என்று நான்கு நாள் அவரிடம் வாதாடினேன். ஐந்தாம் நாள் ஒத்துக்கொண்டார்.

இப்போது எங்கள் விடுதியில் ஆறு மணி ஏழு மணிக்கு அடிக்கிறது.