பீலியில் நனைந்த கோடி

ஷாமிளா பீலிக்கரைக்கு வந்ததும் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். பீலிக் குழாயிலிருந்து விழுந்த மலைத்தண்ணீர் குடத்தில் நிறைந்து வழிந்தபோதும் யாரும் குடத்தை நகர்த்தவில்லை.

"இன்னைக்கு யாரச் சாகடிக்க வந்திருக்க?" என்றாள் மூக்காயி.

அவள் கேட்டதற்குக் காரணம் இருந்தது. போன மாதம் இதே இடத்தில் ஷாமிளா கருப்பாயியைப் படம் பிடித்தாள். மேலே மண் வெட்டியதிலிருந்து தண்ணீர் கலங்கி வருவதைப் பற்றிக் கருப்பாயி நன்றாகத்தான் பேசினாள். ஆனால் மலைக்காற்று மைக்கில் அறைந்து பேச்சை விழுங்கிவிட்டது. ஷாமிளாவுக்கு உதவிக்கு ஆள் கிடையாது. தானே படம் பிடித்து, தானே வெட்டி ஒட்டித் தன் சேனலில் போடுகிறவள். கேட்காத பேச்சை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு சோக இசையை வைத்தாள். கருப்பாயியின் முகம், கீழே அவள் பெயர், பின்னால் அழுகிற நாதஸ்வரம்.

ஓப்பநாயக்க என்ற ஊரில் இருக்கும் கருப்பாயியின் அண்ணன் கன்னையா அதைப் பார்த்தார். மரண அறிவித்தல் என்றே நினைத்துப் பதறிப்போய் தங்கைக்குப் போன் போட்டார். மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவளுக்குக் கேட்கவில்லை. இறந்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் போர்த்தும் கோடிச் சேலையை வாங்கிக்கொண்டு, பஸ்ஸில் அழுதபடியே வந்து சேர்ந்தார். தேயிலைத் தோட்டத்து வரிசைக் குடியிருப்பான லயத்தின் வாசலில் கருப்பாயி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

லயமே சிரித்தது. கன்னையா சிரிக்கவில்லை. உயிரோடிருக்கும் தங்கைக்குச் சாவுத்துணி கொண்டுவந்த பாவி நான் என்று சொல்லி, சேலையை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார். அதன்பின் வரவில்லை. போனும் எடுப்பதில்லை. கருப்பாயி மாரியம்மனுக்கு விளக்கேற்றிக் கேட்பதெல்லாம், அண்ணன் மறுபடி வாசல் மிதிக்க வேண்டும் என்பதுதான்.

"அந்த வீடியோவ அழிச்சிட்டேங்க," என்றாள் ஷாமிளா. "அக்கா கொரல்லயே புதுசா போடுறேன். மியூசிக் கெடையாது. அவங்க அண்ணனும் பாப்பாருங்க."

"ஐயோ, பாவம். இந்தத் தடவ கோடி யாருக்கு, எனக்கா?" மூக்காயி வாளியைச் சிமெந்தில் ஓங்கி வைத்தாள்.

பெண்களுக்கு நடுவே நின்ற கருப்பாயி ஷாமிளாவின் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்: "எடுத்துத் தொல. அண்ணே பாக்கணும், அதுக்குத்தான்."

விரல்நுனி அளவான மைக்கை ஷாமிளா கருப்பாயியின் சேலையில் மாட்டினாள். காற்றைத் தடுக்கும் பஞ்சு உறை வரும் வழியில் எங்கேயோ விழுந்துவிட்டிருந்தது.

"ஒரு கம்பளி இருந்தா குடுங்க. காத்த மறைக்கணும்."

"காத்துக்கும் குளிருதாக்கும்," என்றாள் மூக்காயி. சிலர் சிரித்தார்கள். கம்பளி வரவில்லை.

ஷாமிளா தள்ளி நின்ற கேமராவுக்குப் போய், காதில் ஹெட்போனை மாட்டினாள். காற்று இரைந்தது. அது சற்று ஓய்ந்தபோது மூக்காயியின் குரல் காதோடு பேசுவதுபோல் கேட்டது.

"வாயத் தொறக்காத. பேட்டரி தீந்தா தானா போயிருவா, மூதேவி."

"அவ மூஞ்சியப் பாத்தாலே நெஞ்சு எரியுதுடி," என்றது கருப்பாயியின் குரல். "அவ வீட்டுக்கு ஒரு கோடி போனாத்தான் தெரியும்."

ஷாமிளாவின் கை கேமராவின் மேலேயே இருந்தது. திருப்பிப் பேச அவளுக்கும் வாய் உண்டு. பிறகு பதிவானதை அழித்து, ஹெட்போனைக் கழற்றிவிட்டு நடந்து வந்தாள்.

"அக்கா, மைக் தொறந்திருக்கு. நீங்க பேசுறது அங்க எனக்குக் கேக்குது."

மூக்காயி வாளியைக் குனிந்து பார்த்தாள்.

"எல்லாமா?" என்றாள் கருப்பாயி.

"எல்லாந்தாங்க. பதிவானத அழிச்சிட்டேன். இனி ஏதாச்சும் பேசணும்னா இந்தப் பொத்தான அமுக்குங்க. மூடிக்கும்."

"ஏன் வந்து சொன்ன? கேட்டுக்கிட்டே நின்னிருக்கலாமே."

"ஒளிஞ்சு கேக்குறது நல்லாயில்லைங்க."

கருப்பாயி லயத்துக்குள் போனாள். திரும்பி வந்தபோது கையில் மடிப்புக் கலையாத சிவப்புச் சேலை இருந்தது.

"கம்பளி கேட்டியே. இதுதான் இருக்கு. வீட்டுல யாரும் தொட மாட்டாங்க."

ஷாமிளாவின் கை பின்வாங்கியது. "கோடியாச்சேக்கா."

"உன்னால வந்ததுதானே? புடி."

காற்று வரும் பக்கமாகத் துணிக்கொடியில் அதைத் தொங்கவிட்டார்கள். சேலை படபடவென்று அடித்து முன்னைவிட அதிகமாக இரைந்தது. ஷாமிளா தலையை ஆட்டினாள்.  கருப்பாயி சேலையை உருவி எடுத்து அப்படியே பீலிக்கடியில் அமுக்கினாள்.

"ஏய், கோடியப் போயி நனைக்கிற?" மூக்காயி எழுந்தேவிட்டாள்.

"தண்ணி படாத வரைக்குந்தான்டி கோடி. நனைஞ்சிட்டா எல்லாச் சேலையும் போலதான்."

மடித்துக் கொடியில் போட்டபோது ஈரச்சேலை கனத்துத் தொங்கியது. காற்று மோதியும் அது அதிகம் அசையவில்லை. ஷாமிளாவின் காதில் இரைச்சல் அடங்கி, தண்ணீர் விழும் ஓசையும் கருப்பாயி மூச்சு விடுவதும் கேட்டன.

கருப்பாயி முதலில் கலங்கல் தண்ணீரைப் பற்றிப் பேசினாள். பிறகு கேமராவை நேராகப் பார்த்தாள்.

"அண்ணே, நான் நல்லாத்தான் இருக்கேன். நீ கொண்டாந்த சேலைய நனைச்சிட்டேன். காஞ்சதும் கட்டிக்குவேன். தீபாவளிக்கு வாண்ணே. கோழி அடிக்கிறேன்."

மூக்காயியின் முகம் இன்னும் கடுத்துத்தான் இருந்தது. அவள் வாளி எப்போதோ நிறைந்துவிட்டது. தூக்கினால் கைப்பிடி கிணுகிணுத்துப் பதிவில் விழும். அவள் கைப்பிடியை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டு, ஷாமிளா ஹெட்போனைக் கழற்றும் வரை அசையாமல் நின்றாள். அதற்கு மேல் நல்லது செய்ய அன்றைக்கு அவளுக்கு மனம் வரவில்லை. அதுவே போதுமாக இருந்தது.